முதலில் சொல்ல வேண்டிய இடம்

வெடிமருந்துக் கிடங்கில் தீயணைக்கும் குழாயின் வால்வைத் தம்பி திருகிப் பார்த்தபோது, தண்ணீருக்குப் பதில் ஒரு சிலந்தி வெளியே வந்தது. அதை அவன் நேராக அக்காவிடம் வந்து சொன்னான். "உன் சட்டத்துல எனக்கு ஏதாவது வழி இருக்காக்கா?" என்று கேட்டான். "இருக்கு. நானே எழுதினது" என்றாள் அக்கா. இது போன வாரம். அந்தப் பதிலை நம்பி ஒரு வாரம் இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

இன்று விடிந்தபோது நிம்மதி போன இடம் தெரியவில்லை.

காலையில் கதவைத் தட்டியவன் தம்பிதான். கிடங்கு உடுப்போடு நின்றான். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"புது லோடு வருதுக்கா. நாளைக்கு. வேற ஒரு கிடங்குல கூரை ஒழுகுதாம். அங்க இருக்கிற பெட்டி மொத்தத்தையும் இங்க கொண்டாந்து அடுக்கப் போறாங்க."

"இருக்கிற பெட்டிக்கே தண்ணி கிடையாதேடா."

"அதைத்தான் சொன்னேன். மேலதிகாரி எந்திரிச்சுப் போய்க் கதவைச் சாத்திட்டு வந்தார். 'தண்ணி இல்லைங்கிறது தேசிய ரகசியம், எதிரிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்'னார். நெருப்புக்குத் தெரிஞ்சா என்ன சார் ஆகும்னு கேட்டேன். டீ குடிக்கச் சொன்னார்."

தம்பி அந்தக் கிடங்கின் தீப் பாதுகாப்புப் பொறியாளன். கூரை முழுக்கத் தண்ணீர் பீய்ச்சும் ஸ்பிரிங்க்ளர்கள் உண்டு. சிவப்புச் சாயம் அடித்து, வாராவாரம் துடைத்து, பெரிய அதிகாரிகள் வரும்போது அண்ணாந்து பார்க்க வைப்பார்கள். குழாய்கள் சுவரோரமாகப் போய், மூலையில் மிடுக்காகத் திரும்பி, அங்கேயே நின்றுவிடும். அதற்கு அப்பால் தொட்டி இருக்க வேண்டும். தொட்டி கட்ட வேண்டிய இடத்தில் தளபதி டென்னிஸ் ஆடுகிறார். மைதானத்தைத் தாண்டினால் மதில். மதிலைத் தாண்டினால் ஆரம்பப் பள்ளிக்கூடம். அதில் மூன்றாம் வகுப்பில், மதிலைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவள் அக்காவின் ஒரே மகள் குட்டி.

இதையெல்லாம் வெளியே சொன்னால் பதினாலு வருடம். அந்தச் சட்டத்தை எழுதியவள் அக்கா. அரசாங்கச் சட்ட வரைவுத் துறையில் மூத்த வரைவாளர். தம்பி அவளுக்கு வைத்த பெயர் 'உட்பிரிவு'. தண்டனைகளை ஒரே மூச்சில் எழுதிவிட்டு, மனசு கேட்காமல் ஒரு பாதுகாப்பையும் போராடிச் சேர்த்தவள். பொது நலனுக்காக ஒருவர் ரகசியத்தைச் சொல்ல நேர்ந்தால், பொது நல ஆணையர் என்று ஒருவர் இருப்பார். அவரிடம் முதலில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அப்புறம் சொன்னவரை யாரும் தொட முடியாது. இதற்காக அக்காவுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அது ஃபிரிட்ஜின் மேல் இருக்கிறது. ஃபிரிட்ஜ் கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினால் விழும்.

"அப்ப அந்த ஆணையர்கிட்ட இப்பவே போறேன்" என்றான் தம்பி. "எங்க இருக்கார்?"

அக்கா அடுப்பை அணைத்தாள்.

"அக்கா."

"அது ரகசியம்டா."

"எது?"

"அவர் இருக்கிற இடம். அவரோட பாதுகாப்புக்காக."

"அப்படி யார் எழுதினது?"

"நான்தான்."

"உனக்குத் தெரியும்ல?"

"திறப்பு விழாவுல கத்தரிக்கோல் தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னதே நான்தான். ஆனா உன்கிட்ட சொன்னா எனக்குப் பதினாலு வருஷம்."

தம்பி அவளையே பார்த்தான். "அவரே ஒளிஞ்சு உட்கார்ந்திருக்கார்னா, என்னை எப்படிக்கா காப்பாத்துவார்?"

கூடத்திலிருந்து ஒரு குரல் முழங்கியது. "ரகசியத்தை வெளியே சொல்பவன் யாராக இருந்தாலும், சொந்த ரத்தமாகவே இருந்தாலும், உள்ளே தள்ள வேண்டும்!"

அக்காவின் கணவர் தொலைக்காட்சி விவாதத்தில் இருந்தார். மடிக்கணினி முன்னால் மேலே கோட்டு, டை. மேசைக்குக் கீழே அரைக்கால் டவுசர். திரையில் அவர் பெயரின் கீழே 'பாதுகாப்பு நிபுணர்' என்று போடுவார்கள். ராணுவத்துக்குக் குளிர்காலக் கம்பளி கொள்முதல் செய்யும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கம்பளிக்கும் பூச்சிக்கும் நடந்த போரைத் தவிர வேறு போரை அவர் பார்த்ததில்லை. ஆனால் குரல் நல்ல கனமான குரல். சேனல்காரர்களுக்கு அது போதும்.

"மாமா நல்லாப் பேசறார்" என்றான் தம்பி.

"அவர் பாட்டுக்குப் பேசட்டும். நீ மெதுவாப் பேசு."

"மெதுவாவே சொல்றேன். குட்டியை நாளையிலேர்ந்து அனுப்பாதே."

"அதுவும் குத்தம்தான்டா." அக்காவின் குரல் உள்ளே போயிற்று. "சொல்லாலோ, செயலாலோ, மௌனத்தாலோ ரகசியம் வெளிப்பட்டாலும்னு எழுதியிருக்கேன். நான் என் பொண்ணை மட்டும் நிறுத்தினா, அது செயல்."

"மௌனத்தால எப்படிக்கா வெளிப்படும்?"

அக்காவுக்கே தெரியாது. இரண்டோடு நிறுத்தினால் வாக்கியம் மொட்டையாக இருந்தது. மூன்றாவதைச் சேர்த்ததும் நிறைவாகிவிட்டது. குழுவில் கை தட்டினார்கள்.

"நான் குட்டிக்காக மட்டும் சொல்லலக்கா" என்றான் தம்பி. "அந்த வகுப்பு மொத்தமும் மதில் பக்கம்தான் இருக்கு."

விளம்பர இடைவேளை வந்திருக்க வேண்டும். சமையலறை வாசலில் கோட்டும் டவுசருமாக நிபுணர் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்பது தெரியவில்லை. முகம் வெளுத்திருந்ததைப் பார்த்தால், தேவையான அளவு நின்றிருக்கிறார்.

"நான் எதையும் கேட்கல" என்றார் அவர். டையைச் சரி செய்துகொண்டார். "நான் எதையுமே கேட்கல" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

இடைவேளைக்குப் பிறகு வந்த குரலில் பழைய கனம் இல்லை.

"சாயந்திரம் வரைக்கும் பொறு" என்றாள் அக்கா. "யார்கிட்டயும் வாயைத் திறக்காதே. நான் ஏதாவது பண்றேன்."

"சாயந்திரம் வரைக்கும்தான். அப்புறம் ஸ்கூல் வாசல்ல போய் நின்னு கத்துவேன்."

"பதினாலு வருஷம்டா."

"ஆமா. நான் வெளிய வரும்போது குட்டி காலேஜ் முடிச்சிருப்பா." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். "முடிக்கணும்னா அதுக்கு அவ இருக்கணும்ல?"

*

தலைமை வரைவாளருக்கு அலுவலகத்தில் 'காற்புள்ளி' என்று பெயர். மற்றவர்கள் எழுதும் சட்டங்களில் அவர் ஒரு காற்புள்ளியைச் சேர்ப்பார் அல்லது எடுப்பார். ஓய்வு பெறும்போது நாட்டின் சட்டங்களில் பாதி அவருடையதாகிவிடும்.

"ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன் சார்" என்றாள் அக்கா.

"ஒரு பேச்சுக்குன்னு ஆரம்பிக்கிறவங்கதான் மேடம் முதல்ல மாட்டறாங்க. கேளுங்க."

"ஒருத்தர் பொது நல ஆணையரைப் பார்க்கணும்னா எப்படிப் போறது?"

"விண்ணப்பிக்கணும்."

"எங்க?"

"அவர்கிட்டதான்."

"அவர் எங்க இருக்கார்னு தெரியாதவங்க?"

"விண்ணப்பிச்சா சொல்லிடுவாங்க." காற்புள்ளி நாற்காலியில் சாய்ந்தார். அவருக்கு இந்தப் பிரிவின் மேல் நிஜமாகவே பெருமை. "நீங்க கவலையேபடாதீங்க மேடம். ஆரம்பிச்ச நாளிலேர்ந்து ஒரு புகார் கூட வரல. குறையே இல்லாத நாடுன்னு வெளிநாட்டுக் கூட்டத்துல நம்மளைப் பாராட்டினாங்க. எல்லாம் உங்க எழுத்து."

அக்கா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

தம்பியிடம் இடத்தைச் சொல்ல முடியாது. ஆனால் அவளே போகக்கூடாது என்று எங்கேயும் இல்லை. எழுதியவளுக்கே இப்போதுதான் அது தோன்றியது. தம்பிக்குப் பதில் அவள் போய்ச் சொன்னால் என்ன?

ஆணையர் அந்தக் கட்டடத்திலேயேதான் இருந்தார். கீழ்த்தளத்தில், லிஃப்ட்டுக்குப் பின்னால், விளக்கு எரியாத நடையின் கடைசியில் ஒரு கதவு. கதவில் 'பழுதான நாற்காலிகள்' என்று பலகை. யாரும் சந்தேகப்படக் கூடாது என்று அந்தப் பலகை. யாரும் சந்தேகப்படவில்லை. உள்ளே கால் ஒடிந்த நாற்காலிகள் கூரை வரைக்கும் கிடந்தன. பலகையை நம்பி ஊழியர்கள் கொண்டுவந்து போட்டவை. ஆணையரிடம் இதுவரை வந்து சேர்ந்த குறைகள் அவைதான்.

அவற்றுக்கு நடுவே ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அக்கா வெறுங்கையோடு வந்ததைப் பார்த்து எழுந்தே விட்டார்.

"நாற்காலி கொண்டு வரலையா?"

"புகார் கொண்டு வந்திருக்கேன் சார்."

பெரியவரின் கண் கலங்கிவிட்டது. "உட்காருங்கம்மா. அதுல வேணாம், அது முதுகு கழண்டுடும். இதுல உட்காருங்க." பேனாவை எடுத்து உதறினார். எழுதவில்லை. இன்னொன்றை எடுத்தார். "சொல்லுங்க. பயப்படாதீங்க. இங்க வந்துட்டீங்கல்ல, இனிமே உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்பிரிங்க்ளர், சிலந்தி, டென்னிஸ், நாளைக்கு வரப்போகும் லோடு, மதில், ஜன்னல். பெரியவர் தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். நல்ல நீதிபதியாகத்தான் இருந்திருப்பார். பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார்.

"குழாயை நீங்க நேர்ல பார்த்தீங்களா?"

"இல்ல சார். பார்த்தவர் என்கிட்ட சொன்னார்."

"எப்போ?"

"போன வாரம்."

பேனா நின்றது. "என்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே உங்ககிட்ட சொல்லிட்டாரா?"

"ஆமா."

பெரியவர் மேசை மேலிருந்த சட்டப் புத்தகத்தைத் திறந்தார். தேட வேண்டியிருக்கவில்லை, அந்த ஒரு பக்கத்தைத்தான் தினமும் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். "முதல்ல என்கிட்டதான் சொல்லியிருக்கணும்னு போட்டிருக்கும்மா. வேற யார்கிட்டயாவது சொல்லிட்டா பாதுகாப்பு கிடையாது. உங்ககிட்ட சொன்ன நிமிஷமே அவருக்கு அது போச்சு." கண்ணாடியைக் கழற்றினார். "இதை எழுதினவர் யாரோ, ரொம்பக் கறாரான ஆள்."

ஆட்கள் நேரே பத்திரிகைக்காரர்களிடம் ஓடிவிடக் கூடாது என்று நினைத்துத்தான் அக்கா அந்த நிபந்தனையைப் போட்டாள். வீட்டுச் சமையலறையை அவள் நினைக்கவில்லை. சின்ன வயதில் பல் விழுந்தபோது அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு, அம்மாவைத் தாண்டி, அப்பாவைத் தாண்டி அவளிடம் ஓடி வந்த ஒருவனை அவள் நினைக்கவே இல்லை. பரீட்சையில் கோட்டை விட்டதை, காதலித்ததை, அந்தப் பெண் வேண்டாம் என்று சொன்னதை, எதையும் அவன் வேறு யாரிடமும் முதலில் சொன்னதில்லை.

"அவனுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது சார். எதுவா இருந்தாலும் என் தம்பி என்கிட்டதான்..."

சொல்லி முடிக்கும் முன்பே நிறுத்தினாள். நிறுத்தியும் பிரயோஜனமில்லை.

பெரியவர் மெதுவாகப் பேனாவை மூடினார். "நான் வயசானவன்மா. காது சரியாக் கேட்காது. இப்ப நீங்க சொன்னது எனக்குக் கேட்கல." பிறகு கூரையைக் காட்டினார். மூலையில், ஒடிந்த நாற்காலிக் கால்களுக்கு மேலே, ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "அதுக்குக் கேட்டிருக்கும். புகார் கொடுக்கிறவங்க பாதுகாப்புக்காக எல்லாத்தையும் பதிவு பண்ணணுமாம். பதிவு நேரா மேல போயிடும். நான் நிறுத்த முடியாது."

அதையும் எழுதியவள் அவள்தான்.

"தொட்டி சார்? நாளைக்கு லோடு வந்துடும்."

"புகார் செல்லும்னாதான் நான் விசாரிக்க முடியும்." அவர் சட்டப் புத்தகத்தை மூடினார். "நீங்க நாற்காலியே கொண்டு வந்திருக்கலாம்மா."

*

வீட்டுக்குப் போகும் பஸ் பள்ளிக்கூடத் தெருவில் நின்றுவிட்டது. வாசலை அடைத்துக்கொண்டு பெற்றோர் கூட்டம். அப்பாக்கள் தோளில் பிள்ளைகள், அம்மாக்கள் கையில் புத்தகப் பைகள். தலைமை ஆசிரியை படியில் நின்று கையை விரித்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கும் காரணம் தெரியவில்லை. ஆனால் எல்லோரும் வேகமாக நடந்தார்கள்.

அக்கா இறங்கி ஓடினாள். எதிர்வீட்டுப் பெண் தன் மகனை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"எங்களைக் கேட்கிறீங்களா? உங்க வீட்டுக்காரர்தானே மத்தியானம் வந்து குட்டியைத் தூக்கிட்டு ஓடினார்? அதுவும் கோட்டும் டவுசருமா! காய்ச்சல்னாராம். குட்டியோ எனக்கு ஒண்ணும் இல்ல, நான் வரமாட்டேன்னு அழுதுச்சாம். பாதுகாப்பு நிபுணரே பொண்ணைத் தூக்கிட்டு ஓடறார்னா சும்மாவா? டிவியில வர்றவருங்க அவரு."

அக்கா பள்ளிக்கூடத்தைப் பார்த்தாள். மதிலோர வகுப்பின் ஜன்னல்கள் திறந்து கிடந்தன. உள்ளே ஒரு தலைகூடத் தெரியவில்லை. சட்டம் செய்யாததை, ஆணையர் செய்யாததை, ஒரு கோழையின் பாசம் ஒரு மத்தியானத்தில் செய்து முடித்திருந்தது. அவளுக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

செயலாலோ, என்று எழுதியிருந்தது நினைவுக்கு வரும் வரைக்கும்.

*

வீட்டில் கணவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். இன்னும் கோட்டைக் கழற்றவில்லை. குட்டி அவர் மடியில் படுத்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள்.

"இப்படி ஊரே கிளம்பும்னு நான் நினைக்கல" என்றார்.

"தெரியும்."

"நான் நம்ம குட்டியை மட்டும்தான்..."

"தெரியும்ங்க." அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவளுக்கு இவ்வளவு பிரியம் வந்ததில்லை. இவ்வளவு பயமும் வந்ததில்லை. தம்பிக்கு போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தான். கிடங்குக்குள் போன் கூடாது.

காலிங் பெல் அடித்தது.

இரண்டு பேர். நல்ல சட்டை, நல்ல செருப்பு, தணிந்த குரல். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். மூத்தவர் உட்கார்ந்து பேசினார், இளையவர் ஃபிரிட்ஜ் மேலிருந்த கேடயத்தைப் படித்தார்.

"மேடம் எழுதின சட்டம்தான். ரொம்பத் தெளிவா இருக்கு. எங்களுக்கு வேலையே இல்ல" என்றார் மூத்தவர். நிஜமாகவே பாராட்டினார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "குழந்தையை ஏன் சார் கூட்டிட்டு வந்தீங்க?"

"காய்ச்சல்."

"எனக்குக் காய்ச்சல் இல்லப்பா" என்றாள் குட்டி, வரைவதை நிறுத்தாமல்.

"நான் எதையும் கேட்கல" என்றார் நிபுணர். யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

அக்கா குறுக்கே வந்தாள். "தொட்டியைப் பத்தி யாராவது விசாரிக்கிறீங்களா? நாளைக்கு அங்க லோடு வருது."

"எந்தத் தொட்டி மேடம்?"

"இல்லாத தொட்டி."

"இல்லாத ஒண்ணைப் பத்தி உங்களுக்கு எப்படித் தெரியும்?" மூத்தவரின் குரலில் கோபமே இல்லை, சலிப்புதான். "பதிவு எங்களுக்கு வந்துடுச்சு. அதுல தம்பின்னு மட்டும்தான் இருக்கு. கிடங்குல வேலை பார்க்கிறவங்கள்ல நிறையப் பேர் யாருக்காவது தம்பிதான். அதை நீங்க யாரைச் சொன்னீங்கன்னு உங்க வாயால கேட்கணும். உங்களுக்குக் கூடப் பிறந்தவங்க, சித்தப்பா பிள்ளைங்க, தம்பின்னு கூப்பிடறவங்க எல்லாம் உண்டுல்ல? யாரு முதல்ல சொன்னது? அவ்வளவுதான். ஒரு ஆள் போதும், நாங்க கிளம்பிடுவோம்."

"சொல்லலைன்னா?"

"மௌனத்தாலோன்னு எழுதியிருக்கீங்க மேடம்" என்றார் இளையவர், கேடயத்தைத் திருப்பி வைத்தபடி. "எனக்கு அதுக்கு அர்த்தமே புரியாம இருந்தது. இப்பப் புரியுது."

அக்கா வாயைத் திறந்தாள். என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒன்றுவிட்ட தம்பி என்று ஏதாவது சொல்லலாம். தன் பெயரையே சொல்லலாம். வாய் திறந்தபடி நின்றது.

அப்போது கீழே, மாடிப்படியில், இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். பல் விழுந்த அன்றைக்கும் இப்படித்தான் ஓடி வந்தான்.

"அக்கா!" குரலில் சந்தோஷம் வழிந்தது. "அக்கா, ஸ்கூல் வழியா வந்தேன்! உன்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு..."

அக்கா கதவை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

மூத்தவர் எழுந்திருக்கவில்லை. அவளைப் பார்த்து, மிக மரியாதையாக, விரலைத் தன் உதட்டில் வைத்தார்.